குடைமிளகாய்: ஒரே பழத்து விதை, 24 செடியில் 7 மட்டும் இலை கொட்டுகிறது. ஏன்?

கண்டனூர் ஆச்சி:

வணக்கம். கண்டனூரில் எங்கள் வீட்டு மூன்றாம் கட்டுக்குப் பின்னால், கிணற்றடியை ஒட்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது. செம்மண். அப்பத்தா காலத்திலிருந்து அங்கே குண்டு மிளகாய்தான். உப்புக்கறிக்குக் கடை மிளகாய் வாங்கினால் அப்பத்தா அன்று முழுக்க யாரோடும் பேசாது. அந்த வீம்பு எனக்கும் வந்துவிட்டது.

போன வருஷம் மகன் சொன்னானே என்று குடைமிளகாயும் போட்டேன். ஹைப்ரிட் பாக்கெட். அட்டையில் ‘பாக்டீரியா இலைப்புள்ளி எதிர்ப்பு’ என்று இருந்தது. ஐப்பசி மழையில் குண்டு மிளகாய் இலையெல்லாம் புள்ளி விழுந்து நின்றபோதும், பக்கத்துப் பாத்தியில் இது மட்டும் பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த விதை விற்கிற விலைக்கு மறுபடி வாங்க மனசு வரவில்லை. நம் பக்கம் எதைத்தான் தூக்கிப் போட்டிருக்கிறோம்? நன்றாகப் பழுத்த ஒரு பழத்திலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்து, இந்த வருஷம் அதையே போட்டேன். 24 செடி வந்தது.

கார்த்திகை மழை விட்டதும் பார்த்தால் 7 செடியில் புள்ளி. முதலில் இலைக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு பட்டது போல ஈரமாகத் தெரிகிறது. நாலைந்து நாளில் பழுப்பாகி, ஓரம் கறுத்து, இலை மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது. இரண்டு காயில் சொறி மாதிரி தடித்திருக்கிறது. மீதி 17 செடிக்கு ஒன்றுமே இல்லை. அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர், அதே ஆட்டு எரு. கடையில் ஒரு பொடியைக் கொடுத்து அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா? இந்த ஏழுக்கு மட்டும் என்ன வந்தது?

பச்சைமிளகாய்:

ஸ்ட்ரெப்டோசைக்ளின் 10 லிட்டர் டேங்குக்கு 1 கிராம், கூடவே காப்பர். இரண்டு தடவை அடித்தால் போதும் ஆச்சி. ரொம்ப யோசிக்காதீர்கள்.

விதைப்பானை:

ஆச்சி, எனக்குத் தேவகோட்டை. பிழைப்பு வெளியூரில், பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில். முதலில் அந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொடி வேண்டாம். அது மனுஷ மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்தது. பயிருக்கு அடிக்கக் கூடாது என்று நம் நாட்டில் தடை போட்டுவிட்டார்கள். காப்பரும் முழுசாகக் கைகொடுக்காது. காப்பரைத் தாங்கும் மரபணுவைப் பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குகின்றன. நம் வீடுகளில் பாத்திரம் இரவல் போகிற மாதிரி.

நீங்கள் சொல்கிற அடையாளம் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவோடு பொருந்துகிறது. ஒரு சின்னச் சோதனை: புதுப் புள்ளி ஒன்றை ஓரத்தோடு பிளேடால் வெட்டிக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்கள். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால், வெட்டிய இடத்திலிருந்து புகை கசிகிற மாதிரி பாக்டீரியா வெளியே வருவது தெரியும். பூஞ்சாணப் புள்ளியில் அப்படி வராது.

ஒரு கேள்வி. பழைய பாக்கெட்டில் மிச்ச விதை இருந்ததா? அதையும் இந்த வருஷம் போட்டீர்களா?

கண்டனூர் ஆச்சி:

போட்டேன் தம்பி. 6 விதை மிச்சம் இருந்தது, ஆறும் முளைத்தது. அதே பாத்தியில் கடைசி வரிசை. ஆறிலும் ஒரு புள்ளி கிடையாது.

விதைப்பானை:

அப்படியானால் விஷயம் பெரும்பாலும் உங்கள் விதையில்தான் இருக்கிறது.

பாக்கெட்டில் எந்த மரபணு என்று எழுதுவதில்லை. ஆனால் குடைமிளகாயில் இந்த நோய்க்கு அதிகம் பயன்பட்ட மரபணு பிஎஸ்2. கேப்சிகம் சாகோயென்சே என்ற தென்னமெரிக்கக் காட்டு மிளகாயோடு கலப்பு செய்து கொண்டுவந்தது. இது ஓங்கு மரபணு, அதாவது அப்பா அம்மா இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் இருந்தாலே போதும். ஹைப்ரிட் செய்பவர்கள் அதை ஒரு பெற்றோரில் மட்டும் வைத்திருந்தால் பாக்கெட் விதை எல்லாம் தாங்கும். அந்தச் செடி தன் பூவிலேயே காய்த்து, அந்த விதையை நீங்கள் போட்டால் நாலில் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வெறுங்கை. 24-க்கு 6. உங்களுக்கு 7. சின்ன எண்ணிக்கை, ஒன்றிரண்டு முன்னே பின்னே வரும். பக்கத்துக் குண்டு மிளகாயின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்திருந்தால் பாதிக்குப் பாதிகூட விழுந்திருக்கும். மிளகாய் அவ்வளவு ஒழுக்கமான செடி இல்லை.

பாக்டீரியாவே புது வகையாக மாறியிருந்தால் பாக்கெட் செடி ஆறும் சேர்ந்துதான் படுத்திருக்கும். அதனால்தான் அதைக் கேட்டேன்.

எதிர்ப்பு என்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் ஊசி இல்லாத சிரிஞ்சால் இலைக்கு அடியில் பாக்டீரியா கலந்த தண்ணீரை அழுத்தி ஏற்றச் சொன்னார்கள். மறுநாள் காலையில் ஒரு தொட்டி இலையில் அந்த இடம் மட்டும் சொங்கிக் காய்ந்து காகிதமாகிவிட்டது. இன்னொன்று பச்சைப்பசேலென்று இருந்தது. காய்ந்ததில் ‘நோய்’ என்றும், பச்சையில் ‘தாங்கும்’ என்றும் சீட்டு ஒட்டிவிட்டேன். பெரியவர் வந்து பார்த்துச் சிரித்தார். நாலு நாளில் என் பச்சை இலை முழுக்க நீர்க்கோத்து அழுகியது. காய்ந்த இலையில் அந்த வட்டத்துக்கு வெளியே எதுவும் நகரவில்லை. தாங்குகிற செடி பாக்டீரியாவை அடையாளம் கண்டதும் அதைச் சுற்றியுள்ள தன் செல்களைத் தானே கொன்றுவிடுகிறது. ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தால் பக்கத்துக் கீற்றைப் பிய்த்துப் போடுவோமே, அந்த வேலை.

பிஎஸ்2 தேடுவது பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் ஏவிஆர்பிஎஸ்2 என்ற புரதத்தை. பாக்டீரியா செழிப்பாக வளர அந்தப் புரதம் வேண்டும். அதனால் அதைக் கைவிடாது, இந்த எதிர்ப்பு நிலைக்கும் என்று நம்பினார்கள். புளோரிடாவில் நம்பிக்கை பொய்த்தது. அந்தப் புரதத்துக்கான தன் மரபணுவில் சின்ன மாற்றம் செய்துகொண்டு பிஎஸ்2-இன் கண்ணில் படாமல் நுழைகிற வகைகள் வயலில் வந்துவிட்டன.

எனக்கு மிகவும் பிடித்தது பிஎஸ்3, இதே நோய்க்கு மிளகாயில் உள்ள இன்னொரு எதிர்ப்பு மரபணு. ஒரு வகைப் பாக்டீரியா தன் புரதத்தைச் செடியின் செல் உட்கருவுக்குள்ளேயே அனுப்பி, செல்லைப் பருக்க வைக்கும் மரபணுவின் சுவிட்சைப் போடும். திருடன் வந்து நம் பம்பு செட்டை ஓட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. பிஎஸ்3 உள்ள மிளகாயில் அதே சுவிட்ச் இன்னொரு மரபணுவுக்கு முன்னாலும் இருக்கிறது. திருடன் கை வைத்ததும் அந்த மரபணு ஓடி, அந்தச் செல் செத்துப்போகும், திருடனுக்கும் தீனி நிற்கும். 2007-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதம் டி.என்.ஏ.வை எந்தச் சங்கேதத்தில் படிக்கிறது என்பது 2009-இல் தெரிந்தது. அதை வைத்துத்தான் டேலன் என்ற மரபணுத் திருத்தக் கருவி வந்தது. மிளகாய் இலைச் சொறிக்குள் இவ்வளவு இருக்கிறது.

முகப்புத் திண்ணை:

தலை சுற்றுகிறது சார். ஆச்சி இப்போது என்ன செய்யணும், அதைச் சொல்லுங்கள்.

விதைப்பானை:

சரி. அந்த ஏழு செடியையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், இலை ஈரமாக இருக்கும்போது கை வைக்காமல். தண்ணீரை மேலே தெளிக்காமல் அடியில் விடுங்கள். மண் தெறித்தும் நீர் தெறித்தும்தான் இது செடிக்குச் செடி போகிறது. விதை மேலேயும் ஒட்டிவரும். அதனால் குண்டு மிளகாய் விதையை அடுத்த முறை 50 முதல் 52 டிகிரி வெந்நீரில் அரை மணி வைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டு உலர்த்துங்கள். கைச்சூட்டில் பார்க்கக்கூடாது, தெர்மாமீட்டர் வேண்டும். சூடு கூடினால் விதையின் முளைப்பு கெட்டுவிடும்.

17 செடியை விடாதீர்கள். கணக்குப்படி அதில் மூன்றில் ஒன்று இரண்டு பக்கமும் எதிர்ப்பு உள்ளது, அதன் பிள்ளைகள் எல்லாம் தாங்கும். எது என்று பார்த்தால் தெரியாது. செடிக்குச் செடி விதையைத் தனியே வைத்து, அடுத்த மழைக்குத் தனித்தனி வரிசையாகப் போட்டால்தான் தெரியும். பூ மலர்வதற்கு முன் மெல்லிய துணிப்பை கட்டுங்கள், தேனீ வேண்டாம். ஆனால் காய் பாக்கெட்டில் இருந்த அளவும் கனமும் வராது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

கண்டனூர் ஆச்சி:

தம்பி, பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பார்த்துவிட்டோம். நீ சொன்ன புகை வந்தது. டீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திக் காட்டினாராம்.

ஏழையும் பிடுங்கியாயிற்று. பழைய வாயில் புடவை ஒன்றைக் கிழித்து 17 செடிக்கும் பை தைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டாலையில் 17 ஹார்லிக்ஸ் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. இதற்குத்தானா ஆச்சி இத்தனை வருஷம் பாட்டிலைச் சேர்த்தீர்கள் என்று மருமகள் கேட்கிறாள்.