மறு: எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் – சட்டகத் தகைவு எனலாமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். மண்ணியலின் ‘எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ்’ (effective stress) என்பதற்குச் ‘சட்டகத் தகைவு’ என்ற சொல்லை நான் முன்வைத்ததற்கு நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு மறுமொழி இது. தகைவு (stress) என்பது ஓர் அலகுப் பரப்பில் இறங்கும் விசை.

> ‘பயனுறு தகைவு’ ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

பயன் யாருக்கு என்பதுதான் என் கேள்வி. மண்ணின் மேல் இறங்கும் மொத்தத் தகைவில் துளைநீரின், அதாவது மண்மணிகளின் இடைவெளிகளில் நிற்கும் நீரின், அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மண்ணின் உறுதியைத் தீர்மானிக்கிறது என்பது மண் பொறியியலாளர் டெர்சாகி வகுத்த கொள்கை. இதில் பயன் எங்கே வந்தது?

2021 நவம்பர் மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் இரயில் பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். மழைக்காலத்தில் எங்கள் தக்கலைப் பக்கம் சாலைக்காக வெட்டிய செம்மண் சரிவுகளைப் பாருங்கள். அடிப்பகுதியில் கலங்கல் நீர் கசிந்துகொண்டே இருக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் நனைந்த மண்ணின் சுமை ஏறத்தாழ 200 கிலோபாஸ்கல். நீர்மட்டம் தரைவரை ஏறிவிட்டால் அதில் பாதியை, 100 கிலோபாஸ்கலை, நீரே ஏந்திக்கொள்கிறது. மண்மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் பிடி அந்த அளவுக்குத் தளர்கிறது, உராய்வு குறைகிறது, சரிவு இறங்குகிறது.

எண்ணெய் வயலில் கதை தலைகீழ். நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெயை எடுக்க எடுக்கப் பாறையின் நுண்துளைகளில் இருந்த திரவத்தின் அழுத்தம் (துளையழுத்தம்) விழுந்தது. சுமை சுண்ணப்பாறையின் மேல் ஏறியது. பாறை நொறுங்கி அமுங்கக் கடலடியே தாழ்ந்தது. 1987இல் கடலில் நின்ற எண்ணெய் மேடைகளை ஆறு மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. அங்கே கூடியது ‘பயனுறு’ தகைவு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> ‘எஞ்சு தகைவு’ என்றால் கழித்தல் தெரியுமே?

தெரியும். ஆனால் பற்றவைப்பிலும் வார்ப்பிலும் உள்ளே தங்கிவிடும் தகைவை ‘எஞ்சிய தகைவு’ என்கிறோம். இரண்டும் மோதும். ‘தாங்கு தகைவு’ என்றால் அடித்தளக்காரர்களின் தாங்குதிறனோடு குழம்பும். ‘மணித்தகைவு’ மணலுக்குச் சரி. வெடிப்புகளில் மட்டும் நீர் நிற்கும் நம் சார்னோக்கைட் பாறைக்குப் பொருந்தாது.

ஆகவே ‘சட்டகத் தகைவு’ என்பதே என் முன்மொழிவு. மணியோ பாறையோ, திண்மச் சட்டகம் சுமக்கும் பங்கு அது. துளையழுத்தத்துக்குச் சிலர் சொல்லும் ‘புரையழுத்தம்’ அழகுதான். ஆனால் புரை என்றால் இங்கே வீடு. துளையே இருக்கட்டும்.

கெட்டிப் பாறையில் துளையழுத்தத்தை முழுதாகக் கழிக்காமல், ஒன்றுக்குக் குறைவான ஒரு கெழுவால் பெருக்கிக் கழிப்பார்கள். அதற்குப் ‘பியோ கெழு’ (Biot coefficient) என்று ஆள்பெயரையே வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து