புதுப்பிப்பு: கரண்ட் போய் வந்தால் லொகின் ஏறாத லேப் கணினிகள் (தீர்ந்தது)

போன கிழமை கேட்டிருந்தேன்: கொழும்பில் எங்கள் மென்பொருள் ஓடும் ஒரு இரத்தப் பரிசோதனை லேப்பில், கரண்ட் போய் வந்தால் டொமைன் லொகின் (நெட்வேர்க்கின் பொதுக் கணக்கால் கணினிக்குள் நுழைவது) ஏறுவதில்லை என்று. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கேபிள், டிஎன்எஸ் (கணினிப் பெயரை முகவரியாக்கும் சேவை) பார்த்ததில் அரை நாள் போனது, பிழையில்லை. "முதலில் மணிக்கூட்டைப் பாருங்கோ தம்பி" என்று பதில் போட்ட அண்ணர் சொன்னதுதான் சரி. லொகின்களைச் சரிபார்க்கும் சேர்வரான டொமைன் கொன்ட்ரோலரின் மணிக்கூடு 47 நிமிடம் பிந்தி நின்றது. அது சரிபார்க்கும் முறையான கெர்பரோஸ், இரண்டு கணினிகளின் மணிக்கூடுகளுக்கு இடையில் வழமையாக 5 நிமிட வித்தியாசம் வரைக்கும்தான் பொறுக்கும்.

அந்த கொன்ட்ரோலர், ஹைப்பர்-வி என்ற மென்பொருளில் ஓடும் விஎம் (மெய்நிகர் கணினி). நேரத்தை ஹோஸ்டிடம், அதாவது அது ஓடும் உண்மைக் கணினியிடம், எடுத்தது. கரண்ட் இல்லாதபோது மணிக்கூட்டை ஓட வைக்கும் ஹோஸ்டின் மதர்போர்ட் பற்றரியை மல்டிமீட்டரில் வைத்தால் 3 வோல்ட்டுக்குப் பதில் 1.9. பம்பலப்பிட்டியில் புது சிஆர்2032 பற்றரி வாங்கிப் போட்டேன். அந்த விஎம்முக்கு ஹைப்பர்-வி நேர ஒத்திசைவை நிறுத்தி, நெட் வழியாகச் சரியான நேரம் தரும் வெளி என்டிபி சேர்வரைக் கொடுத்தேன். ஃபயர்வோலில் என்டிபிக்கு வேண்டிய யூடிபி 123 போர்ட்டைத் திறக்க மறந்து இன்னொரு மணித்தியாலம் வீண்.

எதிர்பாராதது: மணிக்கூடு பிந்தியதால் சில அறிக்கைகளில் இரத்தம் எடுப்பதற்கு முன்பே பரிசோதனை முடிந்ததாக நேரம் பதிவாகியிருந்தது. லேப் அக்காதான் கண்டுபிடித்தா. டேட்டாபேஸில் நாங்கள் கை வைக்கவில்லை. அந்த அறிக்கைகளின் பட்டியலைக் கொடுத்தோம், லேப் ஆட்களே திருத்தக் குறிப்போடு பதிந்தார்கள்.

நேற்றும் கரண்ட் போனது. லொகின் உடனே ஏறியது.