ஜெபிக்கப் போன இடத்தில் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிஷம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கடுகுவிதை

நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்கதை தேவையில்லை. கட்டிலைச் சுற்றி ஆறு பேர் தலை குனிந்து, கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் கிடந்த பெரியவர் மட்டும் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கேட்காது, உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். குனிந்த முகத்தில் எதைப் பிடிப்பது? அவருக்காகவே ஏறெடுத்த ஜெபத்தில் ஒரு சொல்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லாரும் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டு அவரும் "ஆமென்" என்றார். அந்த ஆமென்தான் இன்னும் உறுத்துகிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவர் முகத்துக்கு நேரே, சுமார் மூன்றடி தள்ளி உட்காருங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் இருட்டாகத்தான் தெரியும், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். டிவியை நிறுத்துங்கள். காது மிஷின் போட்டிருக்கிறாரா, அது ஆனில் இருக்கிறதா என்று கேளுங்கள். கத்தவே கூடாது, கத்தினால் உதட்டின் வடிவமே மாறிவிடும். ஜெபம் தொடங்கும்போதும் முடியும்போதும் கையை லேசாக அழுத்தலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் அவர் பிறகும் எடுத்துப் படிப்பார். கண்ணைத் திறந்து ஜெபிக்கத் தயங்குகிறவர்கள் யோவான் 17:1 பாருங்கள். ஆண்டவர் கண்களை வானத்துக்கு ஏறெடுத்துத்தான் ஜெபித்தார்.

தெபோராள்

காது விஷயம் சரி. ஆனால் ஆறு பேர் போனதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே? சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு பேர் போதும், மற்றவர்கள் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம். இருமலோ சளியோ இருப்பவர் போகவே வேண்டாம். உள்ளே போகுமுன் ஒருமுறை, வெளியே வந்ததும் ஒருமுறை கை கழுவுங்கள். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவர்களுக்கு சென்ட் வாசனை பட்டாலே குமட்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வார்டில் பூங்கொத்தே அனுமதிக்க மாட்டார்கள். கட்டில் ஓரத்தில் உட்காராதீர்கள், ஆபரேஷன் தையல் உள்ளவருக்கு அந்த ஒரு அசைவு போதும், உயிர் போய் உயிர் வரும். டிரிப்ஸ் ஏறுகிற கையைப் பிடிக்காதீர்கள். வாசலிலேயே "பத்து நிமிஷம்தான் இருப்போம்" என்று சொல்லிவிட்டால், இவர்கள் எப்போது போவார்கள் என்ற தவிப்பு நோயாளிக்கு இருக்காது.

எனக்கு மறக்காதது இது. புற்றுநோயோடு படுத்திருந்த ஒரு சகோதரிக்கு நீண்ட சுகமளிக்கும் ஜெபம். முடிந்து எல்லாரும் பையைத் தோளில் மாட்டிய பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "என் தம்பி என்கூடப் பேசி ரொம்ப வருஷமாச்சு. அதுக்கு ஜெபிக்கச் சொல்லலாம்னு நினைச்சிட்டிருந்தேன்." யாருமே கேட்காமல் ஜெபித்துவிட்டார்கள். பர்திமேயு குருடன் என்பது ஊருக்கே தெரியும், அவனிடமே ஆண்டவர் "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று கேட்டார் (மாற்கு 10:51). "இன்னைக்கு எதுக்காக ஜெபிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அவர் சொன்ன சொல்லையே வைத்து ஒரு நிமிஷம் ஜெபியுங்கள், போதும்.

எலிம்

சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்தால் சுகத்துக்காக ஜெபிப்பதே தொந்தரவு என்பதுபோல இருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன். வாரக்கணக்கில் ஆறுதல் வசனம் மட்டுமே கேட்டு வந்த ஒருவர், கடைசியில் வந்தவர்களைப் பார்த்து, "எனக்கு சுகம் வேணும்னு ஒருத்தர்கூட ஆண்டவர்கிட்ட கேக்க மாட்டேங்கிறீங்களே" என்றார். வியாதி முற்றியது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாருக்கும் வாய் வரவில்லை. யாக்கோபு 5:14 தெளிவாக இருக்கிறது: வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும். அவர் கேட்டால் தயங்காதீர்கள்.

எண்ணெய் பூசும்போது ஒரு எச்சரிக்கை. ஆக்சிஜன் மாஸ்க்கோ மூக்குக் குழாயோ இருந்தால் முகத்தில் எண்ணெய் வைக்கக் கூடாது. ஆக்சிஜன் அதிகமுள்ள இடத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று தீப்பிடிக்கும், மெழுகுவர்த்தி பக்கத்திலேயே போகக் கூடாது. எங்கே பூசலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டு, அவர் சரி என்றால் புறங்கையில் ஒரு துளி தொட்டு வைத்தால் போதும். கொஞ்சமாகப் பூசினால் ஜெபத்தின் பலன் குறைந்துவிடும் என்று எந்த வேதத்திலும் இல்லை.

அன்னாள்

எலிம் பிரதர், கேட்டால் ஜெபிக்கலாம், சரி. ஆனால் ஜெபித்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். சபையார் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், ஒரு அம்மா மேசையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினார். "விசுவாசம் இல்லைன்னு நினைச்சுக்குவாங்க" என்று மகளிடம் கிசுகிசுத்தார். யாரும் அவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொன்னதில்லை. "சுகமாகிவிட்டது என்று விசுவாசியுங்கள்" என்று வாராவாரம் கேட்டதில் அவராகவே வந்து சேர்ந்த முடிவு அது.

இன்சுலின், வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டை வாரக்கணக்கில் எடுத்தவருக்கு உடல் தானாகச் சுரக்க வேண்டியது குறைந்திருக்கும், அதனால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஜெபத்திலேயே மருந்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "இந்த மாத்திரையையும் ஆசீர்வதியும், இதை எழுதிக்கொடுத்த டாக்டரையும் ஆசீர்வதியும்." இந்த ஒரு வரியைக் கேட்டால் அட்டை மேசையிலேயே இருக்கும். எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் போடச் சொன்னார் (2 இராஜாக்கள் 20:7). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

வலி மாத்திரையைச் சிலுவை சுமப்பதாக நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த விசுவாசி. வலி திரும்பி வரும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்கு வைத்து மருந்து கொடுக்கும் முறையை வலியுறுத்தியவர் அவர்தான். வலி அடங்கினால்தான் நோயாளி பேசவும் முடியும், மன்னிப்புக் கேட்கவும் முடியும், செபிக்கவும் முடியும்.

செபமாலை

மறதி நோயில் மகளையே அடையாளம் தெரியாத ஒரு பாட்டி. மகள் "எங்கள் தந்தையே" செபத்தைத் தொடங்கி, தொண்டை அடைத்துப் பாதியில் நின்றுவிட்டார். மிச்சத்தைப் பாட்டி முடித்தார், ஒரு சொல் தவறாமல். பார்த்தவர் யாருக்கும் பேச்சே வரவில்லை.

சின்ன வயதில் மனப்பாடம் ஆனவை கடைசிவரை தங்குவதுண்டு. அதனால் அவர் சிறுவயதில் படித்த வடிவத்திலேயே சொல்லுங்கள், புதிய மொழிபெயர்ப்பைக் கொண்டுபோக வேண்டாம். வழக்கமான வேகத்தில் பாதி. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திக் காத்திருங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். வாய் வராவிட்டால் செபமாலையைக் கையில் கொடுங்கள், மணிகளை விரல் தானாக நகர்த்தும்.

கிணற்றடி

எல்லாரும் கட்டிலைச் சுற்றியே பேசுகிறீர்கள். ஜெபக்குறிப்பு குழுக்களில் நடப்பதையும் பேசுவோம். பயாப்ஸி முடிவு வராத ஒரு பெண்ணிடம், வழியில் கண்ட ஒருவர், "உங்களுக்காக உபவாசம் இருக்கோம்" என்றார். அந்தப் பெண் அதைச் சொல்லியிருந்தது ஒரே ஒருவரிடம். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே வெளுத்துப்போனது.

ஜெபக்குறிப்பு எழுதும்போதே "இதை யாருக்கெல்லாம் சொல்லலாம்?" என்று கேட்டு, பதிலைப் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: நான் மட்டும், ஜெபக்குழு, சபை முழுவதும். சந்தேகம் இருந்தால் நான் மட்டும். பெயரை விட்டுவிட்டு வயது, வேலை, தெரு என்று எழுதுவதும் பெயரைச் சொல்வதுதான். அனுப்பிய செய்தியை நாம் அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் இருந்துவிடும். நோட்டில் நான்கு கட்டம் போதும்: தேதி, அவர் சொன்ன சொல்லிலேயே விண்ணப்பம், யாருக்குச் சொல்லலாம், மறுபடி விசாரிக்க வேண்டிய நாள். பலர் விடுவது அந்த நாலாவது கட்டத்தைத்தான்.

தெபோராள்

எலிம், அன்னாள், இரண்டு பேர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆனால் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கவனித்துக்கொள்பவரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பக்கவாதத்தில் கிடந்த கணவருக்காக எல்லாரும் ஜெபிக்கும்போது மனைவி சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஒருவர் ஜெபத்தில் கலந்துகொள்ளட்டும் என்று தட்டி எழுப்பினார். எழுப்பியிருக்கவே கூடாது. சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும், பிறகு மறுபடி தூங்கவும் விட்டான் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் அவரிடம் கேட்ட கேள்வியெல்லாம் அதற்கப்புறம்தான்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை ரெண்டு மணியிலிருந்து நாலு வரைக்கும் நான் அண்ணன் பக்கத்துல இருக்கேன், நீங்க உள்ளே போய்ப் படுங்க" என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். அவர் படுக்கப் போகுமுன் நான்கு விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த மருந்து எப்போது, கடைசியாக எப்போது புரட்டிப் படுக்கவைத்தார்கள் (பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை), அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, வாய்வழியாகத் தண்ணீர் கொடுக்கலாமா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் சக்தி குறைந்திருக்கும், பாசத்தில் ஊற்றும் ஒரு மடக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். உதடு காய்ந்திருந்தால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.