எனிட் பிளைட்டன்: பழைய புத்தக மூட்டை வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

வெள்ளைத்தாள் கேட்டது:
ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டனைத் தொடங்கிக் கொடுக்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஒரு மூட்டை விலைக்கு வந்திருக்கிறது. நான்கு பிள்ளைகளும் ஒரு நாயும் சாகசம் செய்யும் ஃபேமஸ் ஃபைவ் 26, பெண்கள் விடுதிப் பள்ளிக் கதைகளான மேலோரி டவர்ஸ் 12, செயின்ட் கிளேர்ஸ் 9. அட்டைகள் வெவ்வேறு காலத்தவை. ஃபேமஸ் ஃபைவ் மொத்தமே 21 என்கிறார்கள், அப்புறம் 26 எப்படி? வரிசையாகத்தான் படிக்கணுமா? புதுப் பதிப்புகளில் வார்த்தைகளை மாற்றிவிட்டார்களாமே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் பெயரில் வேறு ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள் என்பது நிஜமா?

பரண்:
21தான். முதலாவது 1942-ல் வந்த 'ஃபைவ் ஆன் எ ட்ரெஷர் ஐலண்ட்', கடைசி 1963-ல் வந்த 'ஃபைவ் ஆர் டுகெதர் அகெய்ன்'. ஆறு எட்டோடு நிறுத்துவதாகத்தான் முதலில் எண்ணம். விற்ற விற்பனையில் 21 வரை போய்விட்டது.

உபரியான ஐந்தைப் பிரிக்கத் தலைப்பைப் பாருங்கள். அவர் எழுதிய 21-ம் 'ஃபைவ்' என்ற சொல்லில் தொடங்கும். 'தி ஃபேமஸ் ஃபைவ்' என்று தொடங்கும் நாவல் என்றால் கிளாட் வாலியே எழுதியதாக இருக்கும். அந்தப் பிரெஞ்சு எழுத்தாளர் 1971 முதல் பிரெஞ்சு வாசகர்களுக்காக எழுதிய தொடர்ச்சி அது, மொத்தம் 24. அவற்றில் பலவற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஆந்தியா பெல், ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகளை மொழிபெயர்த்தவரேதான். மொழிபெயர்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் கதை பிளைட்டன் கதை இல்லை.

இன்னும் இரண்டு பொறி உண்டு. ஒன்று, முழுக்கக் கலர் படம் போட்ட ஒல்லிப் புத்தகங்கள். அவை பிளைட்டனே எழுதிய எட்டுச் சிறுகதைகள், 21-ல் சேராது. இரண்டாவதுதான் ஆபத்து. 2016-லிருந்து புரூனோ வின்சென்ட் எழுதிய பகடிப் புத்தகங்கள் பார்வைக்கு அசல் பழைய அட்டை மாதிரியே இருக்கும், தலைப்பும் 'ஃபைவ்' என்றே தொடங்கும். உள்ளே பிரெக்ஸிட், குளூட்டன் இல்லாத சாப்பாடு என்று பெரியவர்களுக்கான கிண்டல். எழுத்தாளர் பெயரைப் பார்க்காமல் குழந்தை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வரிசை: முதல் புத்தகத்தை முதலில் படிக்கணும். ஜார்ஜ் என்ற பெண் யார், கிர்ரின் தீவு அவளுக்கு எப்படி வந்தது, நாய் டிம்மி எப்படி வீட்டுக்குத் திரும்புகிறது எல்லாம் அதில்தான். அதன்பின் பெரும்பாலும் கைக்குக் கிடைத்ததைப் படிக்கலாம். ஜோ என்ற ஜிப்சிச் சிறுமி 9, 11, 14-ல் வருகிறாள். அந்த மூன்றையும் அதே வரிசையில் கொடுங்கள், இல்லாவிட்டால் 'இவள் யார்?' என்று கேள்வி வரும். குரங்கோடு திரியும் டிங்கர் 19-லும் 21-லும். வயதைக் கணக்குப் பார்க்காதீர்கள். முதல் புத்தகத்தில் ஜூலியனுக்கு 12, டிக்குக்கும் ஜார்ஜுக்கும் 11, ஆனுக்கு 10. அதற்கப்புறம் 20 விடுமுறை போகிறது, நியாயமாக ஜூலியனுக்கு மீசை முளைத்திருக்கணும்.

ஈயச்சு:
பதிப்பு விஷயம். முதல் புத்தகத்தின் முதல் வரியே சோதனைத்தாள். காலைச் சாப்பாட்டு மேஜையில் ஜூலியன் கோடை விடுமுறை பற்றி அம்மாவிடம் கேட்கிறான். அசலில் அவன் கூப்பிடுவது 'மதர்'. அங்கே 'மம்' என்று இருந்தால் அது 2010-ல் ஹாடர் பதிப்பகம் திருத்தி வெளியிட்ட பாடம், அதாவது மாற்றிய எழுத்து வடிவம். பேச்சு இன்றைய பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று செய்தார்கள். வாசகர்கள் ஏற்கவில்லை, 2016-ல் பதிப்பகமே பழைய பாடத்துக்குத் திரும்பியது. ஆக, புதிதாக அச்சானது என்பதாலேயே திருத்தியது என்று முடிவு கட்டாதீர்கள்.

மற்றத் தலைப்புகளில் இரண்டு இடம் பாருங்கள். பணம் வரும் இடத்தில் ஷில்லிங், அரை கிரவுன் என்ற பழைய பிரிட்டிஷ் காசுகள் இருந்தால் பெரும்பாலும் பழைய பாடம். விசித்திரம் என்ற பொருளில் 'குவியர்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தாலும் அப்படியே. திருத்தியவர்கள் முதலில் கைவைப்பது இந்த இரண்டிலும்தான்.

படங்கள் தனிக் கணக்கு. 21-க்கும் முதலில் வரைந்தவர் ஐலீன் சோப்பர். பின்னால் 'நைட்' (Knight) என்ற பதிப்புப் பெயரில் வந்த பேப்பர்பேக்குகளில் பெட்டி மாக்ஸி வரைந்தது இருக்கும். விலை ஒன்றென்றால் சோப்பர் படம் உள்ளதை எடுங்கள். ஆள் நிற்கிற நிலையிலேயே ஜார்ஜ் எது, ஆன் எது என்று தெரியும்.

குமிழி:
பள்ளிக்கூடக் கதைகளுக்கு வரிசை ரொம்ப முக்கியம், ஒவ்வொரு புத்தகமும் அடுத்த பருவமோ அடுத்த வகுப்போ. மேலோரி டவர்ஸில் பிளைட்டன் எழுதியவை ஆறு, 1946 முதல் 1951 வரை ஆண்டுக்கு ஒன்று. டாரல் ரிவர்ஸ் பள்ளியை முடிப்பதோடு அவர் முடித்துவிட்டார். 7 முதல் 12 வரை பமேலா காக்ஸ் 2009-ல் எழுதியவை, நாயகி டாரலின் தங்கை ஃபெலிசிட்டி. செயின்ட் கிளேர்ஸிலும் அசல் ஆறுதான் (1941–45). ஒன்பது இருக்கும் செட்டில் மூன்று காக்ஸுடையவை. மேலோரியில் அவர் பின்னால் சேர்த்ததோடு சரி. இங்கே விட்டுப்போன வகுப்புகளுக்குள் நுழைத்துவிட்டார், அதனால் எண்ணை வைத்துப் பிரிக்க முடியாது, அட்டைப் பெயரைத்தான் பார்க்கணும். காக்ஸ் எழுத்து மோசமில்லை, பெண்ணுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது. அசல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பரண்:
பேய் எழுத்தாளர் கதை, அதாவது பிளைட்டன் பெயரில் வேறு ஆட்கள் எழுதினார்கள் என்பது, அவர் உயிரோடு இருக்கும்போதே கிளம்பியது. அதைப் பரப்பிய ஒரு தென்னாப்பிரிக்க நூலகர் மேல் 1955-ல் வழக்குப் போட்டு, நீதிமன்றத்தில் பகிரங்க மன்னிப்பு வாங்கினார். சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை, சுமார் 700 புத்தகம். எழுதிய முறையைப் பார்த்தால் புரியும். காலை உணவு முடிந்ததும் மடியில் கையடக்க டைப்ரைட்டர், பக்கத்தில் சிவப்பு மொராக்கோ சால்வை. மாலை ஐந்துக்குள் 6,000 முதல் 10,000 சொல். முன்கூட்டித் திட்டம் கிடையாது. பீட்டர் மெக்கெல்லர் என்ற உளவியலாளருக்கு 1953-லிருந்து எழுதிய கடிதங்களில் இதை விளக்கியிருக்கிறார். கண்ணை மூடினால் பாத்திரங்கள் எதிரே நிற்கும், உள்ளே ஓடும் சினிமாவைப் பார்த்து அடிப்பதுதான் தன் வேலை என்கிறார். பலமும் பலவீனமும் அதில்தான். நடை எங்கும் தடங்காது, ஆனால் சுரங்கப்பாதை, அணைந்து எரியும் விளக்கு, முரட்டு வில்லன் என்று அதே சரக்கு திரும்பத் திரும்ப வரும். கடைசிக் காலத்தில் ஞாபகம் மங்கிவிட்டது, 1968-ல் காலமானார். ஃபேமஸ் ஃபைவில் 20, 21-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சுருதி இறங்கியிருக்கும்.

ஒற்றைவரி:
'அசல் பாடமே உத்தமம்' என்று எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தைகளுக்காக அவர் எழுதிய, நாடி என்ற பொம்மையின் கதைகளில் 1951 புத்தகம் ஒன்றில் நாடியின் காரைத் திருடி, அவன் உடுப்பையும் உருவிக்கொண்டு போவது கோலிவாக், அதாவது கறுப்பினத்தவரைக் கேலி செய்த துணிப்பொம்மை. பின்னால் அதைக் குட்டிச்சாத்தான்களாக மாற்றியது சரிதான். அவருடைய இன்னொரு தொடரான ஃபாரவே ட்ரீயில் பெஸ்ஸி, ஃபேனி என்ற பெயர்கள் பெத், ஃப்ரேனி ஆனதும், அடிக்கிற டேம் ஸ்லாப் திட்டுகிற டேம் ஸ்னாப் ஆனதும் வேறு ரகம். அது சும்மா கூச்சம்.

வெள்ளைத்தாள்:
நன்றி. 26-ஐ 21 ஆக்கி விலை பேசுகிறேன். இந்தக் கதைகளில் சதா 'ஜிஞ்சர் பீர்' குடிக்கிறார்களே, பரவாயில்லையா?

ஈயச்சு:
குழந்தைகள் குடிக்கிற இஞ்சிப் பானம், சாராயம் இல்லை. இலங்கைக்காரர்களைக் கேளுங்கள், கடைக்குக் கடை கிடைக்கும் என்பார்கள். 'லாஷிங்ஸ் ஆஃப் ஜிஞ்சர் பீர்' என்று மேற்கோள் காட்டுகிறார்களே, அது பிளைட்டன் வரியே இல்லை, 1982-ல் வந்த டிவி நையாண்டியில் வருவது. சாப்பாட்டுப் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை உணவு ரேஷன், மிட்டாய் ரேஷன் போனதே 1953-ல்தான். பண்ணை வீட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை, கூடவே ஹாம், க்ரீம் என்று படித்த குழந்தைக்கு அதுவே புதையல். பெண்ணிடம் இதையும், 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற கணக்கையும் சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள்.