றொக் வடிவில் தமிழ் ஆராதனைப் பாட்டு: கிற்றார் சொல்லை விழுங்காமல் இருக்க என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை_வாலிபர்:
வணக்கம். எங்கட சபை வாலிபர் குழுவில ரெண்டு எலக்ட்ரிக் கிற்றார், ஒரு பேஸ், ட்ரம்ஸ் இருக்கு. பழைய கீர்த்தனை ஒண்டை றொக்கா வாசிக்கவும், சொந்தமா ஒரு பாட்டு எழுதவும் பாக்கிறம். கீர்த்தனை மாயாமாளவகௌளை ராகம், டி (D) சுருதியில வாசிக்கிறம். டிஸ்டோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கிற எஃபெக்ட்) போட்டவுடன எந்தக் கோர்ட் (சேர்த்து வாசிக்கிற சுரங்கள்) பிடிச்சாலும் எங்கயோ உரசுது. சொந்தப் பாட்டில சொல் விளங்குதில்லை. மண்டபம் சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, 120 பேர் வரையில இருப்பினம். மூப்பர்மார் "இது தேவனுக்கேற்ற சத்தமா?" எண்டு கேக்கினம். அவையளுக்கு மரியாதையாச் சொல்ல ஒரு பதிலும் வேணும்.

சுருதிப்பெட்டி:
தம்பி, முதல்ல கோர்டைக் குறையுங்கோ. டிஸ்டோர்ஷன் போட்டால், சேர்ந்து ஒலிக்கிற சுரங்களுக்கு இடையிலிருந்து புதுச் சுரங்கள் பிறக்கும். கிற்றாரின் மேஜர் காந்தாரம் இயற்கைச் சுருதியை விட 14 சென்ட் கூட (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). டிஸ்டோர்ஷன் இல்லாமல் வாசித்தால் காது அதைப் பொறுக்கும், டிஸ்டோர்ஷனில் அது அலையடிக்கும். பஞ்சமம் பிசகுவது 2 சென்ட் மட்டும்தான். அதனால்தான் றொக்காரர் ச-ப இரண்டை மட்டும் பிடித்து பவர் கோர்ட் என்கிறார்கள். தம்பூரா மீட்டுவதும் அதே ச-ப தானே! நம் கீர்த்தனைக்கு அது அந்நியம் இல்லை. காந்தாரத்தைப் பாடுகிறவர் கொடுக்கட்டும்.

உங்கள் உரசல் எங்கே என்றும் சொல்கிறேன். டியில் இந்த ராகத்தின் சுரங்கள்: டி, ஈ பிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி பிளாட், சி ஷார்ப். வழக்கப்படி ஏ கோர்டுக்குப் போனால் அதற்குள் ஈ இருக்கிறது. ராகத்தில் இருப்பது ஈ பிளாட். பவர் கோர்டாகப் பிடித்தாலும் ஏயின் பஞ்சமம் அந்த ஈ தான், ஆகவே தப்ப முடியாது. டி, ஈ பிளாட், ஜி மூன்றிலும் பவர் கோர்ட் தாராளமாகப் பிடிக்கலாம். ஏ வருகிற இடத்தில் பேஸ் ஒற்றைச் சுரமாக ஏ வாசிக்க, கிற்றார் சி ஷார்ப்பை மட்டும் பிடிக்கட்டும்.

சொந்தப் பாட்டுக்குச் சுத்த தன்யாசியில் தொடங்குங்கள். றொக் கிற்றார் படிக்கிற எவரும் முதலில் பழகுகிற மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர வரிசை அதுதான். கைவிரல் ஏற்கெனவே பழகிய பாதை.

ட்ரம்ஸ்: ஆதிதாளத்தில் தட்டு விழுவது 1, 5, 7இல். கிக் (காலால் அடிக்கிற பெரிய ட்ரம்) 1இல், ஸ்னேயர் (சடசடக்கிற சின்ன ட்ரம்) 5இல் வையுங்கள். எட்டு அட்சரத்தை ஒரு பாராக (ஒரு தாளச் சுற்றாக) எடுத்தால் அதுவே றொக்கின் ஹாஃப் டைம், அதாவது பாதி வேகம் போலக் கேட்கிற நடை. ஸ்னேயரை 3இலும் 7இலும் அடித்தால் பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும், கீர்த்தனையின் சொல் நொறுங்கும்.

நெடிலும்_குறிலும்:
சொல் விளங்காததற்குச் சத்தம் மட்டும் காரணம் இல்லை, தம்பி. ஆங்கில மெட்டைக் கேட்டுக்கொண்டு தமிழ் எழுதினால் நீண்ட சுரம் குறிலில் போய் விழும். "பலம் தாரும்" என்று எழுதி முதல் எழுத்தை இரண்டு அட்சரம் இழுத்தால் சபை கேட்பது "பாலம் தாரும்". "மனம்" இழுபட்டால் "மானம்". "தாரும் பலம்" என்று மாற்றிப் போடுங்கள். "தா"வை எவ்வளவும் நீட்டலாம், "பலம்" குறுக்கமாக வந்து "ம்"மில் நிற்கும்.

வரி முடிவு "எனக்கு", "உமக்கு" என்று உகரத்தில் நின்றால் உயரப் பாட வராது, வாய் மூடிப்போகும். "தேவா", "வாருமே", "அல்லவோ" மாதிரித் திறந்த நெடிலில் முடியுங்கள். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: "விட்டு", "கட்டு", "பற்று" போன்ற சொற்களில் இரட்டிக்கிற வல்லினத்துக்கு முன்னால் ஒரு கண நேர மௌனம் இருக்கிறது. கிற்றார் கம்பியை உள்ளங்கையால் அமத்தி வாசிக்கிறவர் அந்த மௌனத்தில் கையை நிறுத்திப் பார்க்கட்டும். தமிழே தாளம் போடும்.

பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாப் பாட்டும் வெற்றி முழக்கமாக இருக்கத் தேவையில்லை. 13ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது, 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்பு கொச்சிக்கடைத் தேவாலயப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வி அந்நியமில்லை. கனத்த கிற்றார் ஒலி அந்த முறையீட்டைத் தாங்கும். சும்மா ஆரவாரத்துக்கு அதைச் செலவழிப்பது எனக்கு மனவருத்தம்.

மிக்சர்_மேசை:
சீமெந்து மண்டபத்தில் அம்ப் (கிற்றாரின் ஒலிபெருக்கிப் பெட்டி) தரையில் நின்றால் கிற்றார்க்காரரின் முழங்காலுக்கும் மூன்றாம் வரிசையின் காதுக்கும்தான் அடிக்கும். அவர் தனக்குக் கேட்கவில்லை என்று இன்னும் கூட்டுவார். கதிரையில் ஏற்றி, அவரது காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கோ. கெய்னை (டிஸ்டோர்ஷன் அளவை) வீட்டில் வைக்கிறதில் பாதியாக்குங்கோ, மிட்டை (நடுத்தர ஒலியை) கூட்டுங்கோ. மிக்சரில் கிற்றாருக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 2.5 கிலோஹேர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் இறக்குங்கோ. மெய்யெழுத்துகள் தெளிவாக ஒலிக்கிற இடம் அது, பாடகருக்கு விட்டுக்கொடுக்கவேணும். ட்ரம்ஸுக்குத் தடிக்குப் பதிலாக, மெல்லிய குச்சிகளைக் கட்டின றொட்ஸ். கீழே கம்பளம், பின்னால் தடித்த திரை.

சத்தத்தைப் போனிலேயே அளக்கலாம், ஏறக்குறையச் சரியாக இருக்கும். 85 டெசிபெல் என்றால் காதுக்கு எட்டு மணித்தியாலம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் 15 நிமிஷம்தான். மூப்பர்மாரின் முறைப்பாட்டில் பாதி இந்த இலக்கம்தான். இரைச்சல் வந்தால் பிளக்கின் ஏர்த் பின்னை மட்டும் கழற்றாதேங்கோ, ஆளைக் கொல்லும். எல்லா அம்பையும் ஒரே பிளக் பேஸில் இருந்து எடுங்கோ.

சுருதிப்பெட்டி:
மூப்பர்களுக்கு: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறவஞ்சி வடிவத்திலேயே பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறத்தி குறி சொல்லும் ஆட்ட வடிவம் அது, சபைக்குள் பிறந்ததல்ல. றொக்கின் கதையோ மறுபக்கம். 1940களிலேயே எலக்ட்ரிக் கிற்றாரோடு சுவிசேஷப் பாடல் பாடிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர், றொக்குக்கு அவர் முன்னோடி. 150ஆம் சங்கீதம் கைத்தாளத்தைப் பேரோசையோடே கேட்கிறது. இதை வாதமாக வைக்காதீர்கள். முதலில் ஒத்திகைக்கு அழைத்து, பாட்டின் வரிகளை அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

வெள்ளவத்தை_வாலிபர்:
நன்றி அண்ணாமார், அக்கா. சபையும் சேர்ந்து பாட டி சரிவருமா? முடிவை எப்படி வைக்கிறது?

சுருதிப்பெட்டி:
டி, அதாவது இரண்டு கட்டை, சரி. மெட்டைக் கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரைக்குள் வையுங்கள். பெண்களுக்கும், ஓர் எட்டுச் சுரம் கீழே ஆண்களுக்கும் எட்டும். கடைசி வரியை இரண்டாம் முறை சபை பாடும்போது ட்ரம்ஸை நிறுத்தி, ஒரு கிற்றார் ச-ப வை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஓயும்போது டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்து அணைக்கவேண்டாம், "டக்" என்று கேட்கும். சுண்டு விரலால் வொலியூம் குமிழை மெதுவாகத் திருப்பி இறக்குங்கள்.