பட்டாளத்து அப்பா: உங்கள் வீட்டு அனுபவம்

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் பொறியாளர் படை. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் ஷகர்கர் பக்கம், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடி எடுத்த ஆள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்த காவலாளியைத்தான். இரவு டியூட்டி முடிந்து வந்ததும் எங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் படுப்பார்.

சின்ன வயதில் ஒரு நாள் பந்தை எடுக்க உழுது போட்ட வயலுக்குள் ஓடினேன். "நில்லு! காலைத் தூக்காதே!" அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. என் காலடித் தடத்திலேயே அடிவைத்து வந்து, என்னைத் தூக்கிக்கொண்டு, அதே தடத்தில் வரப்புக்குத் திரும்பினார். சட்டை முழுக்க வேர்வை. அப்பாவின் காரியத்துக்கு வந்த பழைய பட்டாளத் தோழர்தான் பசந்தர் ராத்திரியைச் சொன்னார்: பாதை முழுதாகத் திறக்கும் முன்பே நம் டாங்குகள் கண்ணிவெடி வயலுக்குள் இறங்கிவிட்டனவாம். வயலில் என்னைத் தூக்கியபோது அப்பா எந்த மண்ணில் நின்றிருந்தார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

--

பட்டாளத்துக்காரர் என்றாலே வாய் திறக்கமாட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். என் மாமனார் மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1965இல் சண்டைக்குப் போனவர். நீலகிரி வெலிங்டனில் எடுத்த பயிற்சியும் 'வீர மதராஸி, அடி கொல்லு' முழக்கமும் பேரப்பிள்ளைகளுக்கு மனப்பாடம். கேட்கத்தான் வெளியே ஆளில்லை. மில்லில் ஷிப்ட் பார்த்த காலத்தில் கூட வேலை செய்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "கேன்டீன் ரம் கிடைக்குமா?" ஒரு கல்யாண வீட்டிலும் அதையே கேட்டார்கள். சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பதக்கங்களை எடுத்து, பிராசோ போட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து, திரும்பவும் பெட்டியில் வைத்தார். எனக்கு அது ஆறவே இல்லை.

--

என் அப்பாவும் 71தான், கிழக்குப் பக்கம். அந்தக் கிழக்குப் போர்முனைக்கான பூர்வி ஸ்டார் பதக்கம் வாங்கியவர். டாக்கா சரணடைந்த செய்தியைச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வார்.

அது இருக்கட்டும். அம்மா இருக்கிறார்கள் என்றால் இதை முதலில் பாருங்கள். பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்ஷன் ஆணையிலும் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? ஓர் எழுத்து மாறினாலும் குடும்ப ஓய்வூதியம் இழுத்துக்கொண்டே போகும். அப்பா இருக்கும்போதே அவர் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெகார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்துவது சுலபம். சாப்பர்ஸுக்கு அது பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். வாழ்நாள் சான்று நவம்பரில் தர வேண்டும், 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். இப்போது பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை ஆன்லைன் முறையில் வருவதால் அதில் இருக்கும் மொபைல் எண் யாருடையது என்றும் பாருங்கள். எழுத ஆள் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு போங்கள்.