ஏழைக் குடும்பங்களுக்குப் புகை குறைந்த அடுப்பு: வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி (பெகு, கோவில் குழு உறுப்பினர்)

அனைவருக்கும் வணக்கம். மியான்மரில் பெகுவுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்க் கோவிலின் அன்னதான நிதியில் மீந்த தொகையைக் கொண்டு, இருபது ஏழைக் குடும்பங்களுக்குப் புகை குறைந்த அடுப்பு வாங்கித் தர எண்ணியிருக்கிறோம். அவர்கள் மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறைக்குள்ளேயே விறகிலும் கரியிலும் சமைப்பதால், மழைக்காலத்தில் ஈர விறகு புகைந்து கைக்குழந்தைகள் ஓயாமல் இருமுகின்றன. மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாத இந்நாளில் மின் அடுப்பு உதவாது. எரிவாயுவா, நல்ல விறகடுப்பா என்பதில் குழு இரண்டுபட்டு நிற்கிறது. அரசுத் திட்டங்களாக இதைச் செய்து பார்த்த நாடுகளின் அனுபவத்தை அறிந்தோர் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி (மோல்மேன், ஓய்வுபெற்ற ஆசிரியை)

ஐயா, ஏழைகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு தரும் இந்தியாவின் உஜ்வலா திட்டத்தை முதலில் பாருங்கள். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய அத்திட்டம், ஏழைக் குடும்பத்துப் பெண்ணின் பெயரிலேயே இணைப்பைக் கொடுத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் 1,600 ரூபாயை அரசே ஏற்றது. 2019 செப்டம்பருக்குள் எட்டுக் கோடி இணைப்புகள் வழங்கப்பட்டன. இவ்வளவு விரைவாக இத்தனை வீடுகளைச் சென்றடைந்ததை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இணைப்பு கிடைத்த பிறகு நடந்ததுதான் உங்கள் குழு அறிய வேண்டியது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களுக்கு, அக்கடன் தீரும்வரை மானியம் கைக்கு வரவில்லை. அதனால் சந்தை விலையை முழுதாகக் கொடுத்துத்தான் சிலிண்டர் எடுக்க வேண்டியிருந்தது. கூலி வேலை செய்யும் குடும்பம் 14.2 கிலோ சிலிண்டருக்கான பணத்தை ஒரே நாளில் எங்கே புரட்டும்? 2018 டிசம்பர் வரையிலான கணக்கை ஆராய்ந்த இந்தியத் தலைமைத் தணிக்கையாளர், பயனாளிகள் சராசரியாக ஆண்டுக்கு 3.21 சிலிண்டர்களே வாங்கியதைச் சுட்டிக்காட்டினார். சிலிண்டர் காலியானதும் பழைய அடுப்பு மீண்டும் மூண்டது என்றே இதற்குப் பொருள். பின்னர் இத்திட்டத்தாருக்குத் தனி மானியம் வந்தது. 2023 அக்டோபரில் அது சிலிண்டருக்கு 300 ரூபாயாக உயர்ந்தது. பெரு நாடோ 2012 முதல் எரிவாயு வாங்கவே மாதந்தோறும் 16 சோல் (அந்நாட்டு நாணயம்) மதிப்புள்ள சீட்டை ஏழைகளுக்குத் தந்தது. என் கருத்தில் பெருவின் வழியே மேல்.

மறுமொழி (யாங்கோன், தாய்சேய் நலச் செவிலி)

அம்மா சொன்னதோடு உடல்நலம் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலாவியில் மின்விசிறி பொருத்திய விறகடுப்புகளைக் கொடுத்து, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கண்காணித்த ஆய்வு 2016இல் வெளியானது, நிமோனியா குறையவில்லை. குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்த அடுப்பு, குழந்தைகள் சுவாசித்த கார்பன் மோனாக்சைடைப் பாதியாக்கியும், மொத்த நிமோனியா உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புதிய அடுப்பின் பக்கத்திலேயே பழையதும் எரிந்தால், அறையில் புகை தங்கத்தான் செய்யும். எனவே விறகடுப்பைத் தேர்ந்தால் புகைபோக்கியோடு தேருங்கள்; குழந்தை நலமடையும் என்று தாய்மார்களுக்கு வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

நம் நாட்டிலேயே 2017இல் சின் மாநிலத்தில், கருவுற்ற பெண்களுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தாய்மார்களுக்கும் மாதம் 15,000 சாட் உதவித்தொகை தொடங்கப்பட்டது. எரிவாயு உதவியையும் அதே தாய்மார்களிடமிருந்து தொடங்குவதே முறை என்று கருதுகிறேன், ஏனெனில் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் உறிஞ்சும் புகையே பெருந்தீங்கு செய்கிறது.

மறுமொழி (தாட்டோன், எரிவாயுக் கடை ஊழியர்)

மூங்கில் வீடு என்பதால் சொல்கிறேன். சிலிண்டரை நிமிர்த்தி, சமதளத்தில், அடுப்பைவிடத் தாழ்வாக வையுங்கள். ட்யூபும் ரெகுலேட்டரும் புதிதாக இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானதால் கசிந்தால் தரையிலேயே தேங்கும். கீழ்ப்பக்கம் காற்றோட்டம் வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, ஒவ்வொரு வீட்டிலும் செய்து காட்ட வேண்டும்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. இருபது குடும்பங்கள் என்பதைப் பத்தாகக் குறைத்து, மீதிப் பணத்தைச் சிறிய சிலிண்டர் மாற்றுவதற்கான மாதச் சீட்டாக ஓராண்டுக்கு ஒதுக்கலாமா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். கைக்குழந்தை உள்ள வீடுகளின் பட்டியலை என் மனைவி எழுதத் தொடங்கிவிட்டார்.